தூக்கத்தைத் துரத்தித் தொலைத்த எட்டு மாதம்

எட்டு மாதம், ஐந்து மருத்துவர்கள், ஏறக்குறைய இரண்டு மாதச் சம்பளம். இவ்வளவும் போன பிறகுதான், தூக்கம் வராத வியாதிக்கு நானே தினமும் தண்ணீர் ஊற்றி வளர்த்து வந்திருக்கிறேன் என்று தெரிந்தது. முதல் மாதத்திலேயே யாராவது என்னைப் பிடித்து உட்கார வைத்து, "சீக்கிரம் போய்ப் படுக்காதே, அடுத்தவர் மாத்திரையைத் தொடாதே, ஒரு நோட்டு வாங்கி எழுது" என்று சொல்லியிருந்தால் பாதிப் பணமாவது மிஞ்சியிருக்கும். எல்லோரும் சொன்னது "மனசைப் போட்டுக் குழப்பிக்காதே, தூக்கம் தானா வரும்" என்பது மட்டும்தான். தானாக வரவில்லை. இதே குழியில் இப்போது கிடக்கிறவர்களுக்காக, நடந்ததை நடந்த வரிசையிலேயே எழுதுகிறேன்.

ஆரம்பம் மிகச் சாதாரணம். பத்து நாள் காய்ச்சலும் இருமலும். அதே சமயத்தில் அலுவலகத்தில் ஒரு பெரிய வேலையை முடித்துக் கொடுக்க வேண்டிய நெருக்கடி. ராத்திரி இருமல் எழுப்பிவிடும், எழுந்ததும் வேலை ஞாபகம் வந்துவிடும். காய்ச்சல் போனது, வேலையும் முடிந்தது, விழிப்பு மட்டும் போகவில்லை. சொல்லி வைத்தாற்போல் இரண்டே முக்காலுக்குக் கண் திறக்கும். தலைமாட்டில் கவிழ்த்து வைத்திருக்கும் கைப்பேசியைத் திருப்பிப் பார்ப்பேன். 2.47. இப்போது தூங்கினால்கூட மூன்றேகால் மணி நேரம் மிச்சம் என்று கணக்குப் போடுவேன். மறுபடி பார்த்தால் 3.20. இரண்டே முக்கால் மணி நேரம். கணக்கு சுருங்கச் சுருங்க நெஞ்சு படபடக்கும், உள்ளங்கை வியர்க்கும். அதன் பிறகு கொட்டக் கொட்ட விழித்திருந்து, பொழுது விடியும் நேரத்தில் கொஞ்சம் அசந்துபோவேன். இப்போது யோசித்தால் அந்தக் கணக்குதான் முதல் தப்பு. விழிப்பு எல்லோருக்கும் ராத்திரியில் பலமுறை வரும். ஒரு தூக்கச் சுற்று சுமார் 90 நிமிடம், சுற்றுகளுக்கு நடுவே மூளை லேசாக மேலே வந்து போவது இயல்பு. மணி பார்க்காதவன் அதை மறந்துவிடுகிறான். பார்த்தவன் மாட்டிக்கொள்கிறான்.

குறைந்த தூக்கத்தை ஈடுகட்ட நான் செய்த காரியங்கள் எல்லாமே நியாயமானவை போலத்தான் தெரிந்தன. முன்பெல்லாம் 11.15-க்குப் படுத்து 6 மணிக்கு எழுந்தவன், 9.30-க்கே படுக்கையில் விழ ஆரம்பித்தேன். காலையில் 7 வரை கிடந்தேன். விடுமுறை நாளில் 10 வரை. மத்தியானம் கிடைத்தால் ஒரு மணி நேரம் குட்டித்தூக்கம். களைப்பாக இருக்கிறது என்று மாலை நடையை நிறுத்தினேன், சாயங்காலம் 5 மணிக்கு இரண்டாவது காபியைச் சேர்த்தேன். இவை ஒவ்வொன்றும் ஏன் தப்பு என்று புரிய, தூக்கம் எப்படி வருகிறது என்பதைக் கொஞ்சம் தெரிந்துகொள்ள வேண்டும். 1982-இல் அலெக்சாண்டர் போர்பெலி என்ற ஆராய்ச்சியாளர் இதை இரண்டு விசைகளாகப் பிரித்துக் காட்டினார். ஒன்று தூக்க அழுத்தம். விழித்திருக்கும் ஒவ்வொரு மணி நேரமும் மூளையில் அடினோசின் என்ற வேதிப்பொருள் சேர்ந்துகொண்டே போகும், எவ்வளவு சேர்கிறதோ அவ்வளவு ஆழமாகத் தூக்கம் இழுக்கும். இரண்டாவது உடலின் உள்கடிகாரம். வெளிச்சத்தையும் எழும் நேரத்தையும் வைத்து அது தன்னைச் சரிசெய்துகொள்ளும். மத்தியானத் தூக்கம் முதல் விசையைக் கரைத்துவிடுகிறது. காபியில் உள்ள கஃபீன் அடினோசின் போய் ஒட்டும் இடத்தை அடைத்துக்கொள்கிறது. அதில் பாதி உடலை விட்டுப் போகச் சராசரியாக 5 மணி நேரம் ஆகும், சிலருக்கு இன்னும் அதிகம். ஐந்து மணிக்குக் குடித்த காபியில் பாதி பத்து மணிக்கும், கால்வாசி விடிகாலை மூன்று மணிக்கும் ரத்தத்தில் சுற்றிக்கொண்டிருக்கிறது. விடுமுறை நாளில் பத்து மணி வரை கிடந்தால், வேறு தேசத்துக்கு விமானமேறிப் போனவனைப் போல உள்கடிகாரம் தடுமாறுகிறது. ஐந்து மணி நேரத் தூக்கத்தை ஒன்பதரை மணி நேரப் படுக்கையில் பரப்பினால் நடுவில் ஓட்டை விழத்தானே செய்யும்? ஒரு உருண்டை மாவை எவ்வளவு பெரிய கல்லில் தேய்த்தாலும் மாவு கூடப் போவதில்லை.

இதையெல்லாம் அறியாமல் இரண்டாம் மாதத்தில் உடம்பைத் தூக்கிக்கொண்டு அலைய ஆரம்பித்தேன். படபடப்பு, நெஞ்செரிச்சல், பின்மண்டையில் ஒரு கனம், எதிலும் கவனம் நிற்காத மந்தம். படபடப்புக்கு ஒரு மருத்துவர், வயிற்றுக்கு ஒருவர், தலைவலிக்கு ஒருவர். ஈசிஜி, எக்கோ, வயிற்று ஸ்கேன், எண்டோஸ்கோபி, தலைக்கு ஒரு எம்ஆர்ஐ. எல்லாம் நார்மல். நார்மல் என்று கேட்டால் சந்தோஷப்பட வேண்டும் இல்லையா? எனக்கு வெளியே வந்து வண்டியில் உட்கார்ந்ததும் அழுகைதான் வந்தது. ஏதாவது ஒரு பெயராவது கிடைத்திருந்தால் அதற்கு மருந்து இருக்குமே என்ற ஆத்திரம். மூன்று பேரிடமும் "தூக்கம் சரியில்லை" என்று கடைசி வாக்கியமாகத்தான் சொன்னேன். அதை முதல் வாக்கியமாகச் சொல்லியிருக்க வேண்டும். எப்போது படுக்கிறேன், எத்தனை மணிக்கு விழிப்பு வருகிறது, எத்தனை வாரமாக என்று தேதியோடு சொல்லியிருந்தால் பாதிச் சோதனைக்கு அவசியமே வந்திருக்காது.

உடம்பைப் பார்க்கவே வேண்டாம் என்று சொல்லவில்லை. பார்க்க வேண்டியதைப் பார்க்க வேண்டும், அந்தப் பட்டியல் சின்னது. ரத்த அழுத்தம், ஹீமோகுளோபின், ஃபெரிட்டின் (உடலில் சேர்ந்திருக்கும் இரும்புச்சத்தைக் காட்டும் அளவு), தைராய்டுக்கான டிஎஸ்எச், சர்க்கரை. பொது மருத்துவர் ஒருவரே எழுதிக் கொடுத்துவிடுவார், ஒரே முறை ரத்தம் கொடுத்தால் போதும். தைராய்டு அதிகமாகச் சுரந்தால் படபடப்பும் விழிப்பும் சேர்ந்தே வரும். படுத்ததும் காலில் ஏதோ ஊர்வது போலவும், ஆட்டினால்தான் அடங்குவது போலவும் இருந்தால் அது கால் அமைதியின்மை நோயாக இருக்கலாம். அதற்கு ஃபெரிட்டின் அளவு முக்கியம். சாதாரண வரம்புக்குள் இருந்தாலும் 75-க்குக் கீழே இருந்தால் இரும்புச்சத்து கொடுக்கலாமா என்று யோசிப்பார்கள். அடுத்தது குறட்டை. பலமான குறட்டை, நடுவில் மூச்சு நின்று திணறி எழுவது, காலையில் தலைவலி, பகலில் உட்கார்ந்த இடத்தில் கண் அசந்துவிடுவது, இவை இருந்தால் தூக்கத்தில் மூச்சடைப்பாக இருக்கலாம். அதற்குத்தான் தூக்கச் சோதனை தேவை. வெறும் தூக்கமின்மைக்கு ஒரு ராத்திரி முழுக்க உடம்பில் வயர் ஒட்டிக்கொண்டு படுக்கும் அந்தச் சோதனை வழக்கமாகத் தேவைப்படாது. இன்னொன்று, ஏற்கெனவே சாப்பிடும் மருந்துகள். ஸ்டீராய்டு, மூக்கடைப்புக்கான சில மாத்திரைகள், சில மனச்சோர்வு மருந்துகள் விழிப்பைக் கூட்டும். நீர் பிரியும் மாத்திரையைச் சாயங்காலம் போட்டால் ராத்திரி மூன்று முறை எழ வேண்டியிருக்கும். எழுதிக் கொடுத்தவரிடம் கேட்டுக் காலைக்கு மாற்றிக்கொண்டாலே சிலருக்குப் பிரச்சினை தீர்ந்துவிடும்.

நான்காம் மாதம் செய்ததுதான் பெரிய முட்டாள்தனம். உறவினர் ஒருவர் தனக்கு எழுதிக் கொடுத்த தூக்க மாத்திரையில் ஒரு அட்டையை என்னிடம் நீட்டினார். பாதி மாத்திரை. அன்றைக்கு ஆறு மணி நேரம் அடித்துப் போட்டாற்போல் தூங்கினேன். காலையில் எழுந்து, இவ்வளவு சுலபமாக இருந்ததற்கா நான்கு மாதம் அழிந்தோம் என்று சிரித்துக்கொண்டேன். இரண்டு வாரம் கழித்துப் பாதி போதவில்லை. ஒன்று ஆனது, ஒன்றரை ஆனது. பென்சோடயசெபீன் வகை மாத்திரை அப்படித்தான். மூளை பழகிக்கொள்ளும், அதே பலனுக்கு அதிகம் கேட்கும். பகலில் பேசிக்கொண்டிருக்கும்போதே வார்த்தை நழுவியது. பயந்துபோய் ஒரே நாளில் நிறுத்தினேன். அடுத்த மூன்று ராத்திரி நான் பட்ட பாடு எதிரிக்கும் வேண்டாம். கை நடுக்கம், வியர்வை, கண் மூடினாலே தூக்கிவாரிப் போடும். மாத்திரை இல்லாவிட்டால் இனி என்னால் தூங்கவே முடியாது என்று முடிவு கட்டி, மறுபடி போட ஆரம்பித்தேன். அது என் தூக்கமின்மை இல்லை, மாத்திரையைச் சட்டென்று நிறுத்தியதால் வரும் எதிர்வினை என்பது அப்போது தெரியாது. பல வாரம் சாப்பிட்டதைத் திடீரென்று நிறுத்தினால் சிலருக்கு வலிப்புகூட வரலாம். ஆகையால் ஏற்கெனவே இதில் இருப்பவர்கள் இதைப் படித்துவிட்டு இன்று ராத்திரியே நிறுத்திவிட வேண்டாம். எனக்குப் பிற்பாடு மருத்துவர் இரண்டு வாரத்துக்குக் கால்வாசி என்ற கணக்கில் குறைத்தார். கடைசிப் பகுதியை இன்னும் மெதுவாக. மொத்தம் பத்து வாரம் பிடித்தது. மதுவைத் தூக்க மருந்தாக நினைப்பவர்களுக்கும் இதே இடத்தில் ஒரு வார்த்தை. அது சீக்கிரம் தூங்க வைக்கும், பின்னிரவுத் தூக்கத்தைத் துண்டு துண்டாக்கும். மாத்திரையோடு சேர்ந்தால் மூச்சையே மந்தமாக்கும்.

ஆறாம் மாதம் கடைகளுக்கு அழுத மாதம். விசேஷத் தலையணை, கனமான போர்வை, வாசனை எண்ணெய், தூக்கத்தை அளக்கும் கைக்கடிகாரம். கடிகாரம் தினமும் காலையில் மதிப்பெண் போடும். ஒருநாள் நன்றாகத்தான் எழுந்தேன். திரையைப் பார்த்தேன், 61 என்று காட்டியது. அந்த நிமிடமே உடம்பு கனத்துவிட்டது. இதற்கு 2017-இல் சில மருத்துவர்கள் ஆர்த்தோசோம்னியா என்று ஒரு பெயரே வைத்திருக்கிறார்கள். அளவுகாட்டியைத் திருப்திப்படுத்தும் கவலையிலேயே தூக்கம் கெடுவது. மணிக்கட்டுக் கடிகாரம் அசைவையும் நாடித் துடிப்பையும் வைத்து ஊகிக்கிறது. அசையாமல் விழித்துக் கிடப்பவனைத் தூங்குவதாகவும் அது எழுதிவிடும். கழற்றி வைத்ததுதான் எனக்கு அதனால் கிடைத்த பலன்.

இதற்குள் மனசு வேறு ஏதோ ஆகிவிட்டிருந்தது. எரிந்து விழுந்தேன். யாராவது ராத்திரி நன்றாகத் தூங்கினேன் என்றால் அவர்மேல் கோபம் வந்தது. சாயங்காலம் இருட்ட ஆரம்பித்தாலே அடிவயிற்றில் ஒரு பயம், இன்றைக்கு ராத்திரி என்னவோ என்று. பிடித்த வேலைகள் எதிலும் ருசி இல்லை. "தூக்கம் கெட்டதால் மனசு கெட்டதா, மனசு கெட்டதால் தூக்கம் கெட்டதா" என்று கடைசியாகப் போன மனநல மருத்துவரிடம் கேட்டேன். இரண்டும் ஒன்றையொன்று இழுக்கும் என்றார். நாட்பட்ட தூக்கமின்மை மனச்சோர்வுக்கான வாய்ப்பைக் கூட்டுகிறது, மனச்சோர்வு விடிகாலை விழிப்பைக் கூட்டுகிறது. எது முதலில் என்று விசாரித்துக்கொண்டிராமல் இரண்டையும் சேர்த்துக் கவனிக்க வேண்டும். மனச்சோர்வை அளக்கும் பிஎச்க்யூ-9 என்ற ஒன்பது கேள்வித் தாளை நிரப்பச் சொன்னார். கடந்த இரண்டு வாரத்தில் ஒவ்வொரு தொல்லையும் எத்தனை நாள் இருந்தது என்று 0 முதல் 3 வரை மதிப்பெண், மொத்தம் 27. பத்தும் அதற்கு மேலும் வந்தால் மருத்துவர் பார்த்தாக வேண்டும். எனக்கு 12. அதன் ஒன்பதாவது கேள்வி செத்துப்போனால் தேவலை, தன்னைத் தானே வருத்திக்கொள்ளலாம் என்ற எண்ணத்தைப் பற்றியது. அதற்கு மட்டும் மொத்த மதிப்பெண்ணைப் பார்க்கக் கூடாது. அந்த எண்ணம் ஒருநாள் தலைகாட்டினாலும் அன்றைக்கே வீட்டில் ஒருவரிடம் சொல்லிவிட்டு மருத்துவரிடம் போய்விட வேண்டும். தூக்கத்துக்கும் இப்படி ஓர் அளவுகோல் உண்டு. ஏழு கேள்வி, 28 மதிப்பெண், 15-ஐத் தொட்டால் நடுத்தரத் தீவிரம், 22-ஐத் தொட்டால் கடுமை. வாரத்தில் மூன்று ராத்திரிக்குக் குறையாமல், மூன்று மாதத்துக்குக் குறையாமல் இருந்தால்தான் அது நாட்பட்ட தூக்கமின்மை. அதற்குள் இருந்தால் இவ்வளவு பாடு படாமலே சரியாக வாய்ப்பிருக்கிறது, மேலே சொன்ன தப்புகளைச் செய்யாதிருந்தால்.

அவர் புது மாத்திரை எதுவும் எழுதவில்லை. ஒரு உளவியலாளரிடம் அனுப்பினார். தூக்கமின்மைக்கான அறிவாற்றல் நடத்தைச் சிகிச்சை, சுருக்கமாக சிபிடி-ஐ. நாட்பட்ட தூக்கமின்மை உள்ள பெரியவர்களுக்கு முதலில் இதைத்தான் கொடுக்க வேண்டும் என்று அமெரிக்க மருத்துவர் கல்லூரி 2016-இல் சொல்லிவிட்டது. ஐரோப்பியத் தூக்க ஆய்வுச் சங்கம் 2017-இல் அதையே சொன்னது. நான் முதல் மருத்துவரைப் பார்த்தபோதே இது இருந்திருக்கிறது, எனக்குத்தான் எட்டாம் மாதம்வரை காதில் விழவில்லை. ஆறு அமர்வு. அந்த ஆறு அமர்வுக்கும் கொடுத்த பணம், நான் எண்டோஸ்கோபிக்குக் கொடுத்ததைவிடக் குறைவு.

முதல் இரண்டு வாரம் நோட்டில் எழுதுவது மட்டும்தான் வேலை. படுத்த நேரம், தூங்கப் பிடித்த நேரம், நடுவில் எத்தனை முறை விழிப்பு, மொத்தம் எவ்வளவு நேரம், கடைசியாகக் கண் விழித்தது, படுக்கையை விட்டு எழுந்தது. எல்லாம் உத்தேசமாக, காலையில் எழுந்த பிறகு ஒரே தடவையில் எழுத வேண்டும். ராத்திரி மணி பார்த்து எழுதினால் பழைய கணக்கு வியாதி திரும்பிவிடும். பக்கத்தில் காபி, மாத்திரை, குட்டித்தூக்கம். இரண்டு வாரத்தின் சராசரி வந்தது. படுக்கையில் 570 நிமிடம், தூக்கம் 320 நிமிடம். தூக்கத்தைப் படுக்கை நேரத்தால் வகுத்து நூறால் பெருக்கினால் 56 சதவீதம். இதைத் தூக்கத் திறன் என்கிறார்கள். 85-ஐத் தாண்ட வேண்டும். அந்த 56-ஐப் பார்த்ததும் எனக்கு முதன்முறையாக ஒரு நிம்மதி. மூன்று மணி நேரம்கூடத் தூங்குவதில்லை என்று ஊர் முழுக்கப் புலம்பிக்கொண்டிருந்தவனுக்கு ஐந்தே கால் மணி நேரத்துக்கு மேல் கிடைத்துக்கொண்டுதான் இருந்திருக்கிறது. விழித்திருந்த நேரம் நினைவில் தங்குகிறது, தூங்கிய நேரம் தங்குவதில்லை.

பிறகுதான் அசல் வைத்தியம். ஆர்தர் ஸ்பீல்மன் என்ற உளவியலாளர் 1987-இல் எழுதிய முறை. படுக்கை நேரத்தை இப்போது தூங்கும் அளவுக்குச் சுருக்குவது. எனக்குக் கிடைத்தது ஐந்தரை மணி நேரம். எழும் நேரத்தை முதலில் ஆணி அடித்து வைக்க வேண்டும், காலை 6. அதிலிருந்து பின்னோக்கி எண்ணினால் ராத்திரி 12.30-க்கு முன் படுக்கக் கூடாது. தூக்கம் வராதவனைப் பார்த்து இன்னும் குறைவாகப் படு என்கிறாரே, இவருக்கு என்ன பைத்தியமா என்றுதான் நினைத்தேன். பொதுவாக ஐந்து மணி நேரத்துக்குக் கீழே சுருக்குவதில்லை. வலிப்பு நோய், இருமுனை மனநோய் (மனம் மிதமிஞ்சிய எழுச்சிக்கும் சோர்வுக்கும் மாறி மாறிப் போவது), தூக்கத்தில் நடக்கும் பழக்கம், சிகிச்சை எடுக்காத மூச்சடைப்பு, இவை உள்ளவர்கள் இதைத் தாங்களாகச் செய்யவே கூடாது. தூக்கம் குறைந்தால் வலிப்பும் மன எழுச்சியும் தூண்டப்படும். ஓட்டுநர் வேலை, இயந்திர வேலை பார்க்கிறவர்களும் மருத்துவரைக் கேட்காமல் இறங்கக் கூடாது. எனக்கு முதல் இரண்டு வாரம் வண்டி ஓட்டத் தடை. நியாயமான தடைதான்.

முதல் ராத்திரி பத்து மணிக்கே கண் சொக்கியது. இத்தனை மாதம் ஏங்கிய சொக்கல், வந்தபோது படுக்கக் கூடாது! நாற்காலியில் உட்கார்ந்தால் தலை தொங்கியது. எழுந்து நின்றே துவைத்த துணிகளை மடித்தேன். மடித்து முடித்ததும் பிரித்து மறுபடி மடித்தேன். 12.30-க்குப் படுத்தது தெரியும், தூங்கியது தெரியாது. நாலு மணிக்கு விழிப்பு வந்தது. அதற்கு வேறொரு விதி இருந்தது. ரிச்சர்ட் பூட்சின் என்ற உளவியலாளர் 1972-இல் வகுத்தது. சுமார் இருபது நிமிடம் ஆன மாதிரித் தோன்றினால் எழுந்து வேறு அறைக்குப் போய்விட வேண்டும், மங்கல் வெளிச்சத்தில் சலிப்பான ஏதாவது ஒன்றைச் செய்ய வேண்டும், கண் கனத்தால்தான் திரும்ப வர வேண்டும். படுக்கையில் கைப்பேசி இல்லை, சாப்பாடு இல்லை, யோசனை இல்லை. தூக்கமும் தாம்பத்தியமும் மட்டும். மாதக்கணக்கில் படுக்கையில் பயந்துகொண்டே கிடந்ததால், படுக்கையைப் பார்த்ததும் பயப்பட வேண்டும் என்று மூளை பழகியிருக்கிறது. அந்த முடிச்சை அவிழ்க்கத்தான் இந்த ஏற்பாடு. இங்கே பலரும் செய்யும் தப்பு, இருபது நிமிடத்தை அளக்கக் கடிகாரத்தைப் பார்ப்பது. நானும் பார்த்தேன். கடைசியில் கடிகாரத்தையே பக்கத்து அறைக்கு மாற்றினேன். இன்னொரு தப்பு, எழுந்துபோய் சுவாரசியமான எதையாவது எடுத்துக்கொள்வது. அப்படிச் செய்தால் விழிப்புக்குப் பரிசு கொடுத்த மாதிரி ஆகிவிடும். நான் பழைய ரசீதுகளைத் தேதிவாரியாக அடுக்கினேன். அந்த வேலைக்கு ஈடான தூக்க மருந்து இன்றுவரை எனக்குக் கிடைக்கவில்லை.

முதல் வாரம் படுமோசம், அதை மறைக்க விரும்பவில்லை. சராசரி 270 நிமிடம்தான் தூங்கினேன், திறன் 82. பகலெல்லாம் தலைக்குள் பஞ்சு. நான்காம் நாள் விட்டுவிடலாம் என்று கைப்பேசியில் செய்திகூட எழுதிவிட்டேன், அனுப்பவில்லை. பெரும்பாலானவர்கள் கழன்றுகொள்வது இந்த இடத்தில்தான் என்று பிற்பாடு உளவியலாளர் சொன்னார். கணக்கு இப்படி. வாரச் சராசரி 85-ஐத் தாண்டினால் படுக்கும் நேரத்தை 15 நிமிடம் முன்னுக்கு இழுக்கலாம். 80-க்கும் 85-க்கும் நடுவே இருந்தால் அப்படியே விட வேண்டும். 80-க்குக் கீழே போனால் 15 நிமிடம் குறைக்க வேண்டும். இரண்டாம் வாரம் 300 நிமிடம், திறன் 91. படுக்கும் நேரம் 12.15 ஆனது. மூன்றாம் வாரம் முடிந்ததும் 12. நான்காம் வாரம் முடிந்ததும் 11.45. ஐந்தாம் வாரம் மாத்திரையின் அளவு குறைந்ததால் சறுக்கியது, நிறுத்தி வைத்தோம். ஆறு, ஏழாம் வாரங்களில் 11.30, 11.15. எட்டாம் வாரம் 405 நிமிடப் படுக்கையில் 375 நிமிடத் தூக்கம். ஒரு நல்ல ராத்திரியைப் பார்த்து ஒரேயடியாக ஒரு மணி நேரம் கூட்டிவிடத் தோன்றும். கூட்டினால் இரண்டு வாரம் பின்னால் போய்விடுவோம். பதினைந்து நிமிடம் என்றால் பதினைந்து நிமிடம்தான்.

எழும் நேரம் எல்லா நாளும் ஒன்றே. விடுமுறை, பயணம், நேற்று ராத்திரி தூங்கவே இல்லை, எதற்கும் விலக்கு இல்லை. எழுந்த அரை மணிக்குள் வெளியே போய் அரை மணி நேரம் வேகமாக நடந்தேன். நடை உடம்புக்கு, வெளிச்சம் உள்கடிகாரத்துக்கு. மேகம் மூடிய நாளிலும் வெளியே ஆயிரக்கணக்கான லக்ஸ் (வெளிச்சத்தை அளக்கும் அலகு) வெளிச்சம் இருக்கிறது, விளக்குப் போட்ட அறைக்குள் சில நூறுதான். வாரத்துக்கு ஐந்து நாள் இப்படி நடந்தால் உலக சுகாதார நிறுவனம் சொல்லும் 150 நிமிடமும் தானாகவே பூர்த்தியாகிவிடுகிறது. காபியை மத்தியானம் 12-க்குள் முடித்தேன். ஆனால் காபி, வெளிச்சம், நடை என்று இவற்றை மட்டும் வைத்துக்கொண்டு நாட்பட்ட தூக்கமின்மையைத் தீர்த்துவிடலாம் என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். இணையத்தில் கிடைக்கும் "நல்ல தூக்கத்துக்குப் பத்து வழிகள்" முழுக்க இந்த ரகம்தான். பல்லைத் துலக்கினால் சொத்தையைத் தடுக்கலாம், விழுந்த குழியை அடைக்க முடியாது.

மனசுக்குத் தனியாக ஒரு வேலை இருந்தது. சாயங்காலம் ஏழு மணிக்கு, படுக்கையறைக்கு வெளியே, இருபது நிமிடம் கவலைக்கென்றே ஒதுக்குவது. காகிதத்தில் நடுக்கோடு போட்டு இடப்பக்கம் கவலை, வலப்பக்கம் அதற்கு நாளைக்குச் செய்யக்கூடிய அடுத்த ஒரு அடி. "அறிக்கை தப்பாகப் போயிருக்குமோ" என்பதற்கு எதிரே "பத்து மணிக்கு மூன்றாம் பக்கத்தைச் சரிபார்". செய்ய எதுவுமில்லாத கவலை என்றால் "இன்று ஒன்றும் செய்வதற்கில்லை" என்றே எழுத வேண்டும். ராத்திரி அதே கவலை வந்தால், எழுதியாயிற்று, நாளைக்கு ஏழு மணிக்கு வா என்று அனுப்பிவிட வேண்டும். சிரிப்பாக இருக்கும். பத்து நாள் கழித்து நிஜமாகவே திரும்பிப் போக ஆரம்பித்தது. கூடவே எட்மண்ட் ஜேக்கப்சன் என்ற அமெரிக்க மருத்துவரின் தசைத் தளர்த்தல் பயிற்சி. கை முஷ்டியிலிருந்து பாதம்வரை ஒவ்வொரு தசைக்கூட்டத்தையும் 5 முதல் 7 விநாடி இறுக்கி, அரை நிமிடம் தளர விடுவது. முதல் இரண்டு வாரம் இதைப் பகலில்தான் செய்ய வேண்டும். படுக்கையில் தூக்கத்தை வரவழைக்கும் மந்திரமாகச் செய்தால், வருகிறதா வருகிறதா என்று மனசு காவல் உட்கார்ந்துவிடும். அந்தக் காவல்காரனை ஏமாற்றவும் ஒரு வழி உண்டு. விளக்கை அணைத்துவிட்டு, கண்ணைத் திறந்தே வைத்துக்கொண்டு, தூங்கக் கூடாது என்று மெல்ல முயற்சி செய்வது. தூங்க முயல்வதை விட்டதும் பதற்றம் இறங்கும்.

பிஎச்க்யூ-9 பத்தாம் வாரத்தில் 5-க்கு வந்தது. மனச்சோர்வு அதிகமாக இருப்பவர்களுக்குத் தூக்கத்தைச் சரிசெய்தால் மட்டும் போதாது. அதற்கான மருந்தும் சிகிச்சையும் கூடவே வேண்டியிருக்கும், அந்த மருந்துகள் பலன் காட்ட நான்கு முதல் ஆறு வாரம் பிடிக்கும். உளவியலாளர் கிடைக்காத இடத்தில் இருப்பவர்களுக்கு, இதே சிகிச்சையைச் செயலி வழியாகவும் கொடுக்கிறார்கள், பலனும் இருக்கிறது. ஆனால் நோட்டை வாரத்துக்கு ஒருமுறை பார்த்துக் கேள்வி கேட்க ஒரு ஆள் இருந்தால் பாதியில் விடுகிறவர்கள் குறைவு.

போன மாதம் தொடர்ந்து மூன்று ராத்திரி பழைய விழிப்பு திரும்ப வந்தது. காரணம் தெரியவில்லை, தேடவும் இல்லை. சீக்கிரம் படுக்கக் கால் துடித்தது, படுக்கவில்லை. நோட்டை எடுத்து நான்காம் நாளிலிருந்து படுக்கும் நேரத்தை 11.45-க்குத் தள்ளினேன், எழுந்தது அதே 6 மணி. ஒரு வாரத்தில் சமன்பட்டதும் 15 நிமிடம், அடுத்த வாரம் இன்னொரு 15 நிமிடம் திருப்பிக்கொண்டேன். கடிகாரம் இன்னும் பக்கத்து அறையில்தான் இருக்கிறது. காலையில் அது அடித்தால் எழுந்து நடந்துபோய்த்தான் நிறுத்த வேண்டும்.